ஓரிக்கை மணலில் ஒளிந்திருக்கும் இரும்பு

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கோவிலுக்காகப் போகிறவர்கள் ஒரு வகை. பட்டுப் புடவைக்காகப் போகிறவர்கள் மற்றொரு வகை. கோவிலுக்கென்று புறப்பட்டுப் புடவையோடு திரும்புகிறவர்களையும் சேர்த்துக்கொண்டால் மூன்று வகை. மணலுக்காகப் போகிறவர்கள் என்று நாலாவது வகை ஒன்று உண்டா என்று கேட்டால், "லாரிக்காரர்களைச் சொல்கிறீரோ?" என்று நீங்கள் சிரிப்பீர்கள். லாரி சமாசாரத்துக்குப் பிறகு வருவோம். இப்போது ஒரே ஒரு பிடி மணலுக்காக உங்களை அழைத்துப் போகிறேன். கூட வாருங்கள்.

இந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று. அதைச் சுற்றிக்கொள்ள ஒரு பாலிதீன் பை. ஒரு வெள்ளைக் காகிதம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். காந்தம் எங்கே கிடைக்கும் என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்!

காஞ்சியில் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், ஊர் முடிகிறதா முடியவில்லையா என்று நினைப்பதற்குள் ஓரிக்கை வந்துவிடும். 2011-ம் ஆண்டில் கும்பாபிஷேகம் நடந்த காஞ்சி மகா பெரியவரின் கருங்கல் மணிமண்டபம் இங்கேதான் இருக்கிறது. அதைத் தரிசிக்க வருகிறவர்கள் இன்று ஏராளம். ஆனால் ஊரின் பெயருக்குக் காரணமான கதை மிகமிகப் பழையது.

திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை, தன்னைப் பாட மறுத்தார் என்பதற்காகப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொன்னானாம். சீடனோடு ஆழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, திருவெஃகாப் பெருமாளும் தம் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்துவிட்டார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் இது. ஓரிரவு இருக்கை என்பது நாளடைவில் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, மூவரும் திரும்பினார்கள். பெருமாளும் பழையபடி படுக்கையை விரித்துக்கொண்டார்.

ஊருக்கு அப்பால் பாலாறு. அங்கேயும் ஒரு யாத்திரைக் கூட்டம் வந்து தங்கியிருக்கிறது. இது ஓர் இரவு தங்கிய கூட்டமல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக வந்து தங்கிக்கொண்டிருக்கும் கூட்டம். அதுதான் மணல்.

இனி வேலையை ஆரம்பிக்கலாம். ஆற்று மணலை எல்லோரும் ஒரே நிறம் என்று நினைக்கிறோம். கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்ணீர் ஓடி வடிந்த தடத்திலும், ஒரு கல்லுக்குப் பின்புறத்திலும், மணல்மேட்டின் ஓரத்திலும் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடுகள் தெரியும். காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு, அந்தக் கறுப்பு மணலில் மெதுவாக இழுங்கள். பையைத் தூக்கிப் பார்த்தால், முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி கறுப்புத் துகள்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்! வெள்ளைக் காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டு காந்தத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டால், துகள்கள் பொலபொலவென்று உதிரும்.

உதிர்ந்தது என்ன தெரியுமா? இரும்புத் தாது. மேக்னடைட் என்பது அதன் சாஸ்திரப் பெயர். நம் சித்த வைத்தியர்கள் அயக்காந்தம் என்பார்கள். அயக்காந்தச் செந்தூரம் அவர்கள் மருந்துப் பெட்டியில் இன்றும் இருக்கிறது. மூன்று பங்கு இரும்பணுவும் நான்கு பங்கு ஆக்ஸிஜன் அணுவும் கைகோத்த சரக்கு இது. எடைக் கணக்குப் பார்த்தால், சுத்தமான தாதுவில் 100 கிலோவுக்கு 72 கிலோ இரும்பு. இரும்புத் தாதுக்களுக்குள்ளே இவ்வளவு தாராளமான கை வேறு எதற்கும் கிடையாது. பல்லாரிப் பக்கம் வெட்டி எடுக்கும் ஹெமடைட் என்ற செந்தாதுவில்கூட 70 கிலோதான்.

இரண்டையும் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மெருகில்லாத பீங்கானில், அதாவது குளியலறை ஓட்டின் பின்பக்கத்தில், தாதுக் கல்லை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஹெமடைட் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் காவி நிறக் கோடு போடும். மேக்னடைட் கறுப்புக் கோடுதான் போடும். உடம்பும் மனமும் ஒரே நிறமாக இருக்கும் மனிதர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கறுப்பாக இருப்பதெல்லாம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாமல் கீழே தங்கிவிடும் கறுப்புத் துகள்களில் இல்மனைட் இருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நிறைய இருக்கிறதே, அதே டைட்டேனியத் தாது. நடுநடுவே மாதுளைமுத்துப் போலச் சிவந்த துகள் தென்பட்டால், அது கார்னெட் என்ற கல்.

இந்தக் கறுப்புத் துகள்கள் தனிக் கோடாகச் சேர்வானேன்? இதற்கு விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. அரிசியைக் களைந்து கல் அரிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? பாத்திரத்தைச் சுழற்றிச் சுழற்றி அரிசியை நீரோடு சாய்த்தால், கனமான கல் அடியில் தங்கிவிடுகிறது. ஆறும் இதையேதான் செய்கிறது. சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப்போல் சுமார் இரண்டரை மடங்குதான் கனம். மேக்னடைட்டோ ஐந்து மடங்குக்கு மேல். வேகம் குறைந்த இடத்தில் நீர் வெள்ளை மணலை மட்டும் தூக்கிக்கொண்டு மேலே நடக்கிறது, கனத்த துகள், "என்னால் முடியாதப்பா!" என்று உட்கார்ந்துவிடுகிறது.

சரி, இந்தத் துகள்கள் எங்கிருந்து புறப்பட்டன? பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தின் ஓர் ஓரத்தைத் தொட்டுவிட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாகக் காஞ்சிக்கு வருகிறது. வழி நெடுகிலும் கருங்கல் குன்றுகள். வட தமிழ்நாட்டுக் குன்றுகளில் நிறைய இருக்கும் ஒரு கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1690-ல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை அமைத்த ஜாப் சார்னக் இறந்தபோது, அவருடைய கல்லறைக்கு நம் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி அது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல் என்று கண்டுகொண்டு, அந்த இனத்துக்கே சார்னக்கின் பெயரை வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் அவருடையது!

அந்தக் கல்லில் என்னென்ன இருக்கின்றன என்று ஹாலந்து எழுதிய சுருக்கமான ஜாபிதாவிலேயே இரும்புத் தாதுவுக்கும் ஓர் இடம் உண்டு. வெயிலும் மழையும் குன்றைத் தின்னத் தின்ன, மற்றவை கரைந்தும் மக்கியும் களிமண்ணாகின்றன. மேக்னடைட் இலேசில் கரையாது. இரும்புக் கத்தியால் கீறினாலும் சுலபத்தில் கீறல் விழாத உறுதி அதற்கு. ஆகவே மழையோடு ஓடைக்கும், ஓடையோடு ஆற்றுக்கும் வந்து சேர்கிறது. உங்கள் காகிதத்தில் உதிர்ந்த துகள் ஒவ்வொன்றும் மலையிலிருந்து நடந்தே வந்த யாத்திரீகன்.

"இந்தத் தூளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று அலட்சியமாகக் கேட்காதீர்கள். நம் முன்னோர்கள் கேட்கவில்லை. 1800-ல் திப்புவின் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கம்பெனியார் அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன், மழைக் காலத்தில் ஓடைகள் அடித்துக்கொண்டு வரும் கறுப்பு மணலைக் கழுவி எடுத்து, ஜனங்கள் இரும்பு உருக்கியதைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆள் உயரத்துக்கு உட்பட்ட மண் உலை, ஆட்டுத் தோல் அல்லது மாட்டுத் தோல் துருத்தி, மரக்கரி. அவ்வளவுதான் தொழிற்சாலை! கரி எரியும்போது தாதுவிலுள்ள ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. இரும்பு கட்டியாக மிஞ்சுகிறது. கசடெல்லாம் கிட்டமாக ஒழுகிவிடும்.

அந்த இரும்பை உருக்காக்கிய விதம் இன்னும் நேர்த்தி. இரும்புத் துண்டை மூசையில் வைத்து, அதோடு ஆவாரங்கட்டையைப் போட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கரியில் ஒரு சிறு பங்கு இரும்பில் ஏறும். வெளியே வருவது உலகம் வூட்ஸ் என்று கொண்டாடிய உருக்கு. டமாஸ்கஸ் வாள் என்று மேல்நாட்டார் வியந்தார்களே, அந்த வாளுக்கு உலோகம் போனது இந்த மூசைகளிலிருந்துதான். வேலியோரத்து எருக்கஞ்செடியை இனிமேல் சற்று மரியாதையோடு பாருங்கள்!

இந்த முறையை விவரித்து எழுதியவர் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். சேலத்துத் தாதுவைப் பார்த்து மயங்கி, உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை கட்டினார். பல ஆண்டுகள் நடந்த ஆலை நஷ்டத்திலேயே தடுமாறிக் கடைசியில் மூடிப்போயிற்று. மலைபோல் தாது இருந்தாலும் உலைக்கு வேண்டிய மரக்கரிக்குக் காடு வேண்டாமா? ஹீத் சீமைக்குத் திரும்பி உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் உரிமை பெற்றார். அந்த முறையால் லாபம் அடைந்தவர்கள் பலர். ஹீத்துக்குக் கிடைத்தது கோர்ட்டு வழக்கு.

அவரை மயக்கிய மலை எது என்று கேட்கிறீர்களா? சேலத்துக்குப் பக்கத்திலுள்ள கஞ்சமலை. அடிவாரத்தில் சித்தர் கோவில். அமாவாசை தோறும் கூட்டம் நெரியும். சித்தர்கள் அங்கே இரும்பைப் பொன்னாக்கினார்கள் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். பொன் இருக்கட்டும், இரும்பு நிச்சயமாக இருக்கிறது. ஓரிக்கையில் துகளாக நாம் பார்த்த அதே மேக்னடைட், அங்கே வெள்ளைக் கல்லோடு மாறி மாறி, அடுக்குப் புடவைபோல் வரி வரியாக மலையைச் சுற்றிக் கிடக்கிறது. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் பூட் என்ற இரு பூகர்ப்ப சாஸ்திரிகள் 1864-லேயே இதை விவரமாக எழுதிவைத்தார்கள். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலை இந்த மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் விசித்திரத்தைப் பாருங்கள்: அங்கே எவர்சில்வர் தகடு தயாராவது கஞ்சமலைத் தாதுவிலிருந்து அல்ல! மலைத் தாதுவில் கல்லின் பங்கு பாதிக்கும் மேல். பொடித்துப் பிரித்தெடுப்பது பெருஞ்செலவு.

செலவு பணத்தோடு நிற்பதுமில்லை. கர்நாடகத்தில் குதிரேமுகம் என்ற அழகான மலைத்தொடரில் மேக்னடைட் வெட்டினார்கள். காடும் பத்ரா நதியும் கெடுகின்றன என்று வழக்கு நடந்து, சுப்ரீம் கோர்ட்டு உத்தரவின்படி 2005-ம் ஆண்டு முடிவோடு சுரங்கம் நின்றது. திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இதே தாது உண்டு. வெட்டக்கூடாது என்று சுற்று வட்டாரக் கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள். ஸ்வீடன் நாட்டில் கிருணா என்ற ஊரின் கதையோ இன்னும் அதிசயம். அந்த ஊருக்கு அடியிலேயே மேக்னடைட் சுரங்கம் நீண்டுகொண்டு போகிறது, தரை உள்வாங்குகிறது. ஆகவே ஊரையே இடம் மாற்றுகிறார்கள். 2025 ஆகஸ்டில் அங்கே ஒரு மர மாதா கோவிலைப் பிரிக்காமல் அப்படியே சக்கரங்களில் ஏற்றி, 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள்!

ஓரிக்கை மணலில் இருக்கும் இரும்பை எடுக்க எந்தக் கம்பெனியும் வரப்போவதில்லை. அளவு அவ்வளவு சொற்பம். அப்படியானால் இந்த இடத்துக்கு ஆபத்தே இல்லையா? இப்போதுதான் லாரி சமாசாரத்துக்கு வருகிறோம்.

பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடப்பது. வறண்ட ஆறு என்று பெயரே தவிர, உள்ளே அது வறளுவதில்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே உள்ள சந்துகளையெல்லாம் கூட்டினால், ஒரு குடம் மணலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் இடம். அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. வெயில் அதைத் தொட முடியாது. கையால் ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்பிய தலைமுறை அதைத்தான் குடித்தது. காஞ்சி நகரத்துக் குழாய்களுக்கு ஓரிக்கை ஆற்றுப் படுகையிலிருந்து நீர் எடுத்ததும் இந்த ரகசியத்தை நம்பித்தான். மணல் என்பது ஆற்றில் கிடக்கும் குப்பை அல்ல; மூடி போட்ட ஏரி!

அந்த ஏரியைத்தான் பல பத்தாண்டுகளாக லாரி லாரியாக அள்ளியிருக்கிறோம். நம் வீட்டு மாடிகளும், சென்னையைச் சுற்றி எழுந்த அடுக்கு வீடுகளும் அதில் நின்றுகொண்டிருக்கின்றன. ஆகையால் லாரிக்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மணல் போன இடத்தில் களிமண் தெரிகிறது, ஊற்று இறங்குகிறது, கிணறு தொடர்கிறது. அள்ளிய குழிகளில் மழைக் காலத்தில் நீர் நிற்கும்போது, ஆழம் தெரியாமல் இறங்கும் குழந்தைகளுக்கு அது எமன். நீங்கள் போகும்போது உங்கள் குழந்தைகளைக் குழிப் பக்கம் விடாதீர்கள்.

"அடுத்த வெள்ளத்தில் மணல் வந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட வெள்ளம் ஒரு தலைமுறையில் ஒன்றிரண்டு தடவை வந்தால் அதிகம். வந்தாலும், குன்று உடைந்து மணலாகும் வேகம் வெள்ளத்தின் வேகம் அல்ல. அது காலத்தின் வேகம். இதற்குச் சாட்சி அந்தக் கறுப்புத் துகள்தான். ஒரு குன்றே மக்கினால்தான் சில பிடி மேக்னடைட் மிஞ்சும். ஆற்றில் ஒரு விரற்கடைக் கறுப்புக் கோடு சேர்ந்திருக்கிறது என்றால், எத்தனை கல், எத்தனை மழை, எத்தனை ஆண்டு செலவாகியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதை ஒரு லாரி நிரப்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.

வந்தது வந்தீர்கள், அதே சாலையில் உத்திரமேரூருக்கும் போய்விட்டு வாருங்கள். வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், முதல் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. யார் சபைக்கு நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று அவ்வளவு கறாராக எழுதிய ஊர் அது. படிக்கும்போது எழுத்தைப் பாருங்கள்; எழுத்தை வெட்டிய உளியையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பு உளி இல்லாமல் அந்தக் கல்லில் ஓர் எழுத்து விழுந்திருக்காது. இன்னும் முன்னே போனால், மதுராந்தகத்துக்குப் பக்கத்திலுள்ள சாணூரில் 1950-லும் 1952-லும் தோண்டிப் பார்த்த ஈமக் குழிகளில் இரும்புக் கருவிகள் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தியது என்று 2025 ஜனவரியில் இன்னோர் அறிக்கை வெளியாயிற்று. அறிஞர்கள் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள், செய்யட்டும். இந்த நாட்டு ஜனங்கள் காலடி மணலைக் குனிந்து பார்த்தவர்கள் என்பதில் வாதமே இல்லை.

நீங்களும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். காகிதத்தில் சேர்ந்த கறுப்புத் துகளைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே உதிர்த்துவிடுங்கள். பெருமாள் சுருட்டிக்கொண்டு போன படுக்கையைத் திரும்பி வந்து விரித்துவிட்டார். பாலாற்றின் மணற் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போகிறவர்கள் யாரும் அதைத் திரும்ப விரித்ததாக எந்த ஸ்தல புராணத்திலும் இல்லை.